ஐந்து சரணமும் ஒரு ஹவாய் கிட்டாரும்

நான் துபாய்க்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. அந்த உயரமான கட்டடத்தைப் பார்த்தாயா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கார் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உச்சி தெரியவில்லை, அவ்வளவுதான். நான் போனது ஒரு பொருத்தனையை, ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதை, செலுத்துவதற்காக. செலுத்த வேண்டியவர் என் வீட்டுக்காரர். பண்ணியது நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பண்ணிவிட்டேன். இதில் வருகிற கஷ்டமெல்லாம் அந்த ஒரு தப்பிலிருந்து முளைத்ததுதான்.

போன வருஷம் எங்கள் மகள் ஜெனிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. எடுத்துவிடலாம், ஆனால் குரல் எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் லிஃப்ட் பக்கத்தில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளை வாயைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டால், அவள் அப்பா அந்தத் தேசத்திலே, சபை நடுவிலே, தன் கிட்டாரில் எங்கள் கீர்த்தனையின் ஐந்து சரணத்தையும் வாசிப்பார்" என்று சொன்னேன். அவருக்குத் துபாய் வேலையில் லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் 'அந்தத் தேசத்திலே' என்று சேர்த்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஜெனி, "அம்மா, தண்ணி" என்றாள். கொஞ்சம் கரகரத்த குரல். ஆனாலும் குரல்.

அவர் கிட்டார் சாதாரணக் கிட்டார் இல்லை. மடியில் படுக்கப் போட்டு, விரலில் உலோக நகம் மாட்டி, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பி மேல் இழுத்து இழுத்து வாசிப்பது. எங்கள் பக்கம் ஹவாய் கிட்டார் என்போம். அங்கே ஸ்டீல் கிட்டார் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அவர் கையில் இருந்தது. லீவில் வரும்போதெல்லாம் ஜெனியைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கீர்த்தனையை வாசிப்பார்.

பொருத்தனையைப் போனில் சொன்னேன். "சரி, பாப்போம்" என்றார். அதற்குப் பிறகு, அங்கே லீவும் ஆராதனையும் வெள்ளிக்கிழமை என்பதால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன், "சபைக்குப் போனீயளா? வாசிச்சீயளா?" "போனேன். இன்னிக்கு நேரமில்ல." இப்படியே பதினொரு மாதம். பங்குனியில் ஜெனிக்கு இருமல் வந்தது. செலுத்தாத பொருத்தனை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஜெனியைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு நானே கிளம்பினேன்.

அங்கே நான் தங்கியது எங்கள் ஊர்க்காரி கிரேஸ் அக்கா வீட்டில். என் வீட்டுக்காரர் இருப்பது அல் கூஸ் தொழிற்பேட்டையில், கம்பெனி கேம்ப்பில், ஒரு அறையில் ஆறு பேர். பொம்பளை ஆள் அங்கே கால் வைக்க முடியாது. கிரேஸ் அக்காவின் வீட்டுக்காரர் தேவதாஸ் அண்ணாச்சிதான் அங்கேயுள்ள தமிழ்ச் சபையில் பாடகர் குழுத் தலைவர். வேலை சுலபமாக முடியும் என்று நானே பேசி ஏற்பாடு செய்தேன். இதைப் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஹலோ ஹலோ என்று போனை வைத்துவிட்டார். நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை

காலையில் கிரேஸ் அக்கா ஆப்பமும் முட்டைக் குழம்பும் வைத்தாள். ஆப்பச் சட்டி ஊரிலிருந்து கொண்டு வந்ததாம். தேங்காய்ப் பால் மட்டும் டப்பா. நம் ஊர் ஆப்பத்துக்கு ஓரம் கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. உள்ளே ஏசியில் எனக்குக் கை விறைத்தது. இந்த ஊரில் வெயிலுக்குப் பயந்து குளிரில் சாகிறார்கள்.

தேவதாஸ் அண்ணாச்சி டியூட்டிக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தார். நான் மெதுவாக, "அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரரு சபையில வாசிக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் பிய்த்த ஆப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "செல்வராஜா? அவன் சபைக்கு வந்து ரெண்டு வருசம் இருக்குமே, எஸ்தர்."

"இல்ல அண்ணாச்சி, வாராவாரம் வாராவளே..."

கிரேஸ் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை

அவர் வேலை முடிகிற சாயங்காலம் வரை காத்திருக்க முடியவில்லை. கிரேஸ் அக்கா ஒரு தாளில் பஸ் நம்பரும் இறங்க வேண்டிய இடமும் எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் முன்பக்கம் பெண்களுக்கு. நம் ஊர் போலத்தான், ஆனால் இங்கே யாரும் இடிப்பதில்லை. இடிக்காத பஸ்ஸில் போவதே எனக்குப் பயமாக இருந்தது, ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல்.

ஒரு ஸ்டாப் முந்தியே இறங்கிவிட்டேன். அல் கூஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தகரக் கொட்டகை, ஒரே மாதிரி லாரி, ஒரே மாதிரி மண் நிறம். டயர் கடை ஒன்றில் நின்ற பட்டாணியரிடம் தாளைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆகே, பெஹன், ஆகே" என்று நேரே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நல்ல மனுஷன், ஆனால் அவர் காட்டிய பக்கம் தப்பு. அரை மணி நேரம் நடந்தேன். செருப்புக்குள் தார் சுட்டது.

போனில் சொல்லியிருந்தபடி ஒரு காஃபட்டேரியா வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஏசி வேலைச் சட்டை, முட்டியில் கிரீஸ். என்னைப் பார்த்ததும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கரக் சாயாவும் பரோட்டாவும் வந்தது. சாயா நம் ஊர் டீயைவிட இரண்டு பங்கு தித்திப்பு, மூன்று பங்கு கடுப்பு. ஒரு வாய்க்கு மேல் நான் தொடவில்லை.

"ரெண்டு வருசமா எங்கிட்ட பொய் சொல்லிருக்கீய."

"ஆமா" என்றார். அவர் மறுக்கவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசித்தாராம். அதற்குள் அவர் ஒரு அமெரிக்கர் கோஷ்டியில் சேர்ந்து வாசிப்பது சபையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டேல் என்பவர் வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனபோது சுவரில் இதே கிட்டார் தொங்கியிருக்கிறது. தொடலாமா என்று கேட்டு வாசித்தாராம். ஏசி சரியாவதற்கு முன்பே கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்களாம். தொப்பியும் பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரர்கள் கேட்கிற நாட்டுப்புறப் பாட்டு. கன்ட்ரி என்கிறார்கள். அதற்கு இந்தக் கிட்டார் கட்டாயம் வேண்டுமாம்.

"கிறிஸ்மஸ் அன்னிக்கு நான் ஒரு இழுப்பு இழுத்தேன் பாரு, பின்னால இருந்து பிள்ளைங்க குதிர ஓட்டுற மாதிரி சத்தம் போடுது. 'யீ-ஹா'ன்னு. பெரியவ்வளும் சிரிச்சிட்டாவ. ஆராதன முடிஞ்சதும் அண்ணாச்சி தோள்ல கையப் போட்டு, 'செல்வா, இது பார்ல வாசிக்கிறது. இத இங்க கொண்டு வராத'ன்னாவ. நான் பார்ல வாசிக்கல பிள்ள. அவங்க கிளப்புப் புல்லு தரையில வாசிக்கேன்."

"அத அண்ணாச்சிகிட்ட சொல்லலாம்லா?"

"சொல்லி?" என்று பரோட்டாவைப் பிய்த்தார். "டேல்கிட்டப் போனா கீர்த்தன வேண்டாங்கான். சபைக்கு வந்தா இந்தக் கிட்டாரே வேண்டாங்காவ."

"நான் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேனே."

"நீ பொருத்தன பண்ணுனது ஆண்டவருக்குத் தெரியும். அன்னிக்கு எனக்குத் தெரியுமா?"

சாயாவில் ஆடை படிந்துவிட்டது. அதை அவரே எடுத்துக் குடித்தார்.

புதன்கிழமை

கிரேஸ் அக்கா அவரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். நெய்மீன் குழம்பு. மீன் பெரிய துண்டு, கையளவு. நம் கரையில் இப்படித் துண்டு போட்டால் வீட்டுக்கு ஒன்று வாங்கத்தான் முடியும். ஆனால் ஐஸ்பெட்டியில் நாள்கணக்கில் கிடந்ததால் ருசி எங்கோ போய்விட்டது. இரண்டு ஆண்பிள்ளைகளும் முள் எடுப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். அந்த மீனில் அவ்வளவு முள் கிடையாது.

கடைசியில் அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார். "பொருத்தனைய நான் தடுக்கல எஸ்தர். நம்ம குயர்ல சாதா கிட்டார் ஒண்ணு கிடக்கு. அதுல வாசிக்கட்டும். கீபோர்டுலகூட வாசிக்கட்டும்."

"அண்ணாச்சி, நான் 'தன் கிட்டாரில'ன்னு சொல்லிட்டேன்."

"ஆண்டவர் அவ்வளவு நுணுக்கமா பாக்க மாட்டாரும்மா."

"பாக்க மாட்டாவதான். ஆனா நான் அவ்வளவு நுணுக்கமாச் சொல்லிட்டேனே."

கிரேஸ் அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "என்னங்க, ஊர்ப்பிள்ளைக்குக் குரல் வந்துருக்கு. நீங்க என்ன ஒரு மரப்பெட்டியப் பாத்து இப்படிப் பயப்படுதீய? அது என்ன, கடிக்கவா செய்யும்?"

அண்ணாச்சி முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். "காணிக்க எடுக்குற நேரத்துல வாசிக்கட்டும்" என்றார். "ஆனா பதினொன்றரைக்கு ஹால விட்டுரணும். நமக்குப் பின்னால மலையாளக்காரங்க. ஒரு நிமிசம் தாண்டுனா அடுத்த மாசம் நமக்கு ஹால் கெடையாது. செல்வா, கௌபாய் மாதிரி இழுக்காத."

"இழுக்காம அத வாசிக்க முடியாது அண்ணாச்சி" என்றார் இவர். முதல் தடவையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கம்மியா இழுக்கேன்."

அன்று படுத்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து சரணத்துக்குக் காணிக்கை நேரம் போதுமா என்று மனதுக்குள் பாடிப் பாடிப் பார்த்தேன். மெதுவாகப் பாடினால் போதவில்லை. வேகமாகப் பாடினால் பாட்டு போய்விடுகிறது.

வியாழக்கிழமை

சாயங்காலம் என்னைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனார். அல் கூஸில் ஒரு கிடங்கின் மூலையை அந்தக் கோஷ்டி வாடகைக்கு எடுத்திருக்கிறது. சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி அடுக்கியிருந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டேல் வந்து தொப்பியைக் கழற்றி என்னை வணங்கினார். அறுபது வயதிருக்கும், வயிறு பெல்ட்டுக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரரைச் 'செல்' என்கிறார்.

பாட்டு ஆரம்பித்தது. நான் அசிங்கமாக எதுவோ வரும் என்று பைபிள் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். டேல் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பின்னால் இவர் கிட்டார் விம்மியது.

"என்ன சொல்லுதாரு?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"ரயில் போயிட்டு. அவ வரல. நாய் மட்டுந்தான் கூட இருக்கு."

"இது துட்டி வீட்டு ஒப்பாரியாட்டுல்லா இருக்கு!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். நம்ம கீர்த்தனையும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டு கூட்டத்துக்கும் அது தெரியல."

எனக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டது. அது எனக்கே பயமாக இருந்தது. பிடிக்கலாமா என்று யாரைக் கேட்பது?

டேல் எனக்குக் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டு ஒரு கதை சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "ஒரு தடவ உங்க வீட்டுக்காரர் நடுவுல அவரு ஊர்ப் பாட்டு ஒண்ண வாசிச்சாரு. நல்லாத்தான் வாசிச்சாரு. சனங்க தட்டக் கீழ வச்சிட்டு, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சான்னு எங்கிட்ட வந்து கேட்டாங்க. இந்தச் சத்தம் வந்தா ரயில் வரணும், குதிர வரணும். வேற ஏதாவது வந்தா அவங்களுக்குப் பொறுக்காது." டேல் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். இவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த இரும்புத் துண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை

ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டோம். கிட்டார்ப் பெட்டி டாக்ஸியின் டிக்கியில். சின்ன ஸ்பீக்கர் இவர் மடியில். பைபிள் பை என் மடியில். தேவாலய வளாகத்தின் வாசலில் ஒரே கூட்டம். ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒரு பக்கம் மலையாளக்காரர்கள், ஒரு பக்கம் உருது பேசுகிறவர்கள். ஒரே வளாகத்தில் இத்தனை மொழியில் ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் எப்படித்தான் பிரித்துக் கேட்கிறாரோ என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். இவரும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். டாக்ஸி போய்விட்டது.

"பெட்டி!" என்றேன்.

இவர் ஸ்பீக்கரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ, அந்த வெயிலில் ஐம்பத்திரண்டு வயது மனுஷன் டாக்ஸிக்குப் பின்னால் ஓடுகிறார். அங்கே எல்லா டாக்ஸியும் ஒரே நிறம். எதன் பின்னால் ஓடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

நான் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிறகு ஜெபம். பிறகு வேத வாசிப்பு. எங்கள் பக்கம் ஐயர் என்று சொல்கிற போதகர் பிரசங்கம் ஆரம்பித்தார். ஆண்டவரே, நான்தான் தப்புப் பண்ணினேன், என்னிடம் கேளும், பிள்ளையிடம் கேட்காதேயும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

இவர் வெறுங்கையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். பிரசங்கம் முடிகிற நேரத்தில் அந்த டாக்ஸி தானாகவே திரும்பி வந்தது. ஓட்டுநர் பெஷாவர் பக்கத்துக்காரர், தாடியெல்லாம் வியர்வை. அடுத்து ஏறியவர் பெட்டி வைக்க டிக்கியைத் திறந்திருக்கிறார். "பாய், நீளமான பெட்டி, உள்ளே என்னவோ ஏதோ என்று எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கம்பி! அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்" என்று இந்தியில் சொன்னாராம். இவர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்தபோது காணிக்கைப் பை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். சுருதி சேர்க்கக்கூட நேரமில்லை. இவர் நகத்தை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே முதல் கம்பியை இழுத்தார்.

கௌபாய் வந்துவிட்டது. கை பழகிவிட்டது, பாவம், அவர் என்ன செய்வார். பின்வரிசையில் பிள்ளைகள் நாக்கால் குதிரைக் குளம்புச் சத்தம் போட்டார்கள். ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, நான்கைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாச்சி திரும்பி ஒரு முறை முறைத்தார். சத்தம் நின்றது. அந்த முறைப்புக்காக அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

இவர் கையை எடுத்துவிட்டு, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்போது கீர்த்தனை வந்தது. நான் பைபிளுக்கு அடியில் விரலை மடக்கினேன். முதல் சரணம். எனக்கு முன்னால் இருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டாம் சரணம். சிலர் தலை குனிந்திருந்தார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

மூன்றாம் சரணத்துக்கு அவர் கை போகிற நேரத்தில் பின்கதவு திறந்தது. மலையாளக்காரர்கள் தங்கள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி கையை உயர்த்தினார். இவர் பார்த்துவிட்டார். இரும்புத் துண்டைக் கம்பியிலிருந்து எடுத்தார்.

என் மடங்கிய விரல் இரண்டு. மூன்று விரல் நீட்டியபடியே நின்றது.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் அண்ணாச்சி எங்களிடம் வந்தார். "செல்வா, தப்பா நெனைக்காத. நல்லாத்தான் வாசிச்ச. ஆனா அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தொப்பியும் குதிரையுந்தான் ஞாபகம் வருது. ஜெபம் வர மாட்டேங்குது. நான் என்ன செய்ய, சொல்லு." பொய் சொல்லவில்லை அவர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவர், "சரி அண்ணாச்சி" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"மிச்சம் மூணு சரணம் நாளைக்கு" என்றார் இவர், பெட்டியைப் பூட்டிக்கொண்டே.

"நாளைக்கு எங்க?"

"டேலோட புல்லு தரையில."

"அது சபை இல்லையே!"

"சபை இல்லதான். நூத்தம்பது பேரு இருப்பாவ. அஞ்சு வருசமா அவன் ரயிலையும் நாயையும் வாசிச்சிருக்கேன். மூணு சரணம் அவன் எனக்காகக் கேக்க மாட்டானா?"

"வேண்டாங்க. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சாம்பாவ. அங்கயும் வராதேன்னுட்டா, அப்புறம் நீங்க எங்கதான் வாசிப்பீய?"

அவர் பெட்டியின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை

ஊரை விட்டுத் தள்ளி, எண்ணெய்க் கம்பெனி ஆட்களின் மனமகிழ் மன்றம். பாலைவனத்துக்கு நடுவில் பச்சைப் புல். அதைப் பார்த்தால் யாரோ பாய் விரித்துவிட்டு மறந்துபோனது போல் இருந்தது. மத்தியானமே புகை கிளம்பிவிட்டது. முழு விலா எலும்பாக அடுப்பில் கிடந்தது. அது என்ன இறைச்சி என்று நான் கேட்கவில்லை. சிலர் கையில் பீர். பைபிளை இன்று பைக்குள் வைத்திருந்தேன், ஆனால் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

மனுஷர்கள் நல்லவர்கள். அதைச் சொல்ல வேண்டும். "செல்லின் மனைவியா!" என்று பூட்ஸ் போட்ட ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உருளைக்கிழங்கை மசித்து ஏதோ வெள்ளையாகப் பிசைந்து ஒரு தட்டு கொடுத்தார். உப்பு குறைவு. என் வீட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்ததும் கைதட்டினார்கள். அங்கே யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இப்படி ஒரு மரியாதை இவருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. இதைத்தான் இன்று நான் கெடுக்கப் போகிறேன்.

நாலு பாட்டு முடிந்தது. இவர் டேலிடம் குனிந்து ஏதோ சொன்னார். டேல் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இவர் மறுபடி சொன்னார். என்னைக் காட்டினார். டேல் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

மூன்றாம் சரணம் ஆரம்பித்தது. முதலில் அவர்களுக்குத் தெரியவில்லை. மெதுவான பாட்டு என்று நினைத்து இரண்டு ஜோடி ஆடக்கூட எழுந்தார்கள். என் கீர்த்தனைக்கு ஆடுகிறார்களே என்று எனக்கு உடம்பு கூசியது. பிறகு அடி பிடிபடாமல் நின்றார்கள். உட்கார்ந்தார்கள்.

நாலாம் சரணத்தில் பேச்சு ஆரம்பித்தது. தட்டுச் சத்தம். "என்னது இது, சாவு வீடா?" என்று ஒருவர் பக்கத்தில் கேட்டார். அந்தக் கட்டிப்பிடித்த அம்மா என்னிடம் குனிந்து, "இது முடியுமா கண்ணு?" என்றார் அன்பாகத்தான். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. நான் ஒரு விரலைக் காட்டினேன்.

ஐந்தாம் சரணம். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், "செல்! ரயில் பாட்டு!" இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரயில், ரயில் என்று மேசையைத் தட்டினார்கள். கொஞ்சம் பேர் எழுந்து இறைச்சி வரிசைக்குப் போனார்கள். இவர் தலையைத் தூக்கவில்லை. நேற்று மூச்சு வாங்க வாசித்த மனுஷன் இன்று ஒவ்வொரு கம்பியையும் அது போகிற தூரம் வரை விட்டு, திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். கம்மியாக இழுக்கவில்லை. ஜெனி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இழுத்தார். நான் உதட்டுக்குள் பாடினேன். என் ஐந்தாவது விரல் மடங்கியது.

நாலு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி நான்.

உடனே ரயில் பாட்டு. புல்தரையே எழுந்து நின்றது.

எல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போது டேல் வந்தார். "அது உன் மனைவியின் பாட்டா?" என்றார். இவர், "கடவுளுடைய பாட்டு" என்றார். டேல் வானத்தை ஒரு தடவை பார்த்தார். "அவரிடம் சொல், இன்றைக்கு மட்டும்தான். அடுத்த தடவை டிரம்முக்கும் கொஞ்சம் வேலை வைக்கச் சொல்." பிறகு இவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்பீக்கரைத் தானே தூக்கிக்கொண்டு போனார். வெளியே போ என்று சொல்லவில்லை. அது போதும்.

ஏர்போர்ட்டில் இவர் உள்ளே போகும் வாசலில் நின்று, "இனிமே பொருத்தன பண்ணுனா மொதல்ல எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு பிள்ள" என்றார். "வெள்ளிக்கிழம போவீயளா?" என்றேன். "போறேன். பெட்டி இல்லாம போறேன்." அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமலே விமானம் ஏறினேன். இப்போது வாராவாரம் போகிறார். பின்வரிசையில், அந்தக் குதிரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறாராம். போனவுடன் ஜெனிக்குப் போட்டோ அனுப்புகிறார், நான் கேட்காமலே.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் வாங்கினேன். எங்கள் சபையில் காரணத்தைக் கவர்மேல் எழுத வேண்டும், ஐயர் அதைச் சத்தமாக வாசிப்பார். பொருத்தனை நிறைவேறியதற்காக என்று எழுதுவதுதான் வழக்கம். 'பொருத்தனை' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது. சபை நடுவில் என்றேன்; இரண்டுதான் சபையில். மூன்று இறைச்சிப் புகையில். நிறைவேறியதா? ஐயரிடம் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம். அந்தக் கவரைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறொன்று வாங்கினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

ஐயர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். பேரன் பிறந்ததற்காக. பரீட்சையில் தேறியதற்காக. வலையில் நிறைய மீன் பட்டதற்காக. அடுத்து என் கவர். "எஸ்தர் செல்வராஜ். துபாய் தேசத்தில் ஐந்து சரணமும் வாசிக்கப்பட்டதற்காக." நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். கவரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மற்ற எல்லாக் கவருக்கும் சபை ஆமென் சொன்னது. இதற்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் பக்கத்திலிருந்து ஜெனி, அந்தக் கரகரத்த குரலில், சபை முழுக்கக் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.